மண் குடிக்கிற சத்தம்

நீங்கள் சொல்வது சரிதான் சார், டீயில் பாதி ருசி தண்ணீர்தான். இதே தூளை வேறு ஊரில் போட்டுப் பாருங்கள், இந்த மணம் வராது. அதோ ஜன்னலில் தெரிகிறதே, அந்த நீர்த்தேக்கம்தான் காரணம். அதைக் கெடாமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம்.

கரையோர மனைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிமென்ட் போடக் கூடாது. மண்ணாக விட்டால் அது மழையைக் குடித்து, வடிகட்டி, நிதானமாகக் கீழே அனுப்பும். சிமென்ட் என்றால் வண்டி எண்ணெய், சோப்பு நுரை, நாய் கழித்தது எல்லாம் ஒரே ஓட்டமாகப் போய்க் குடிநீரில் விழும். சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

பக்கத்து வீட்டு லாரி டிரைவர், வாசலிலிருந்து கேட் வரை சிமென்ட் பாதை போட்டார். அவர் மனைவிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலிதான். நான் டேப்பை விரித்ததும் டிரைவர் சிரித்தார்.

"விட்டா மழைக்கே லைசென்ஸ் கேப்பீங்க போல."

"அளவு தாண்டுதுண்ணே. உடைச்சிடுங்க."

"அவ எப்படிப்பா வெளிய வருவா? பறந்தா?"

கதவருகே நாற்காலியில் இருந்த அக்கா, அவர் மனைவி, குறுக்கிட்டார். "விடுங்களேன். தம்பி அதோட வேலையத்தானே பாக்குது."

நல்ல மனுஷி.

சக்கர நாற்காலிக்கான பாதை அந்த அளவில் சேராது என்று விதியிலேயே ஒரு வரி உண்டு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். டிரைவர் கிண்டல் செய்தார், கேட்கவில்லை.

பாதையை உடைத்தார்கள். சிமென்டுக்கு அடியில் கிடந்த மண் இறுகிப்போயிருக்கும், தண்ணீர் இறங்காது. அதனால் நானே மண்வெட்டியோடு போய் ஆழமாகக் கொத்திவிட்டேன். வியர்க்கிறதே என்று அக்கா குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

நேற்று மதியம் மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். நான் இதே ஜன்னலில் நின்றிருந்தேன். ஒரு சொட்டுகூடத் தெருவுக்கு வரவில்லை சார். அத்தனையையும் மண் குடித்தது. காது கொடுத்தால் அந்தச் சத்தம் கேட்கும்.

கேட் பக்கம் கொடியில் நனைந்த துணிகளை எடுக்க அக்கா தனியாக வந்தார். சக்கரம் புதைந்தது. நாற்காலி கவிழ்ந்தது. முகம் சேற்றில். கையை ஊன்றித் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் வாப்பா."

போயிருக்கலாம். ஆனால் ஈர மண்ணை மிதித்தால் மறுபடி இறுகிவிடும், கொத்தியதெல்லாம் வீண். தவிர, அந்தக் கிண்டல் வாய் திரும்பி வந்து என்ன சொல்லும் என்று பார்க்க ஆசையாகவும் இருந்தது. அக்காவின் கை ஓயும்வரை பார்த்தேன். பிறகு அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

டிரைவர் மருந்தோடு திரும்பி வந்தார். சேற்றில் உட்கார்ந்து, தன் சட்டையால் அக்காவின் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விட்டிருந்தால் மழையே கழுவியிருக்கும்.

எதையும் மறைக்கவில்லை. வாக்குமூலத்தை நீங்கள் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி சார். உங்கள் ஜீப்பை அந்த மண்ணின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள், அடியில் எண்ணெய் சொட்டுகிறது. கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்கிறீர்களா?