பேர் திறந்த பிறகு

— போர்டை அழிக்காதீங்க சார். அந்தப் பொண்ணு எழுதினது இருக்கட்டும்.

— எதுக்கும்மா? அதான் இன்டர்வியூ முடிஞ்சு அவ கிளம்பியாச்சே.

— காலையிலேருந்து வந்தவங்கள்ல இந்தக் கணக்கை முடிச்சது இவ ஒருத்திதான். நீங்களே பத்துக்கு ஒன்பது போட்டீங்க. அப்புறம் மறைச்சு வச்சிருந்த காலேஜ் பேரைத் திறந்தோம். அதுலேருந்து உங்க முகமே சரியில்ல.

— முகத்துக்கென்ன? நான் சொல்றதைக் கேளு. யாரும் கேள்விப்படாத காலேஜ். அங்க என்னத்தைச் சொல்லிக் குடுத்திருக்கப் போறாங்க?

— பேரைத் திறக்கிறதுக்கு முன்னாடி, "பெரிய இடத்துல படிச்ச பொண்ணு, பேச்சே சொல்லுது"ன்னீங்க.

— ஏமாந்துட்டேன்னு வச்சுக்கோ.

— மார்க் போட்டு முடிக்கிற வரைக்கும் காலேஜ் பேரைப் பார்க்கவும் கூடாது, வந்தவங்க சொல்லவும் கூடாதுன்னு விதி கொண்டுவந்ததே நீங்கதானே? மேல இருக்கறவங்களோட மல்லுக்கட்டி வாங்கினீங்கன்னு இன்னும் பேசிக்கறாங்க.

— அது அப்போ. நான் சொல்றதைக் கேளும்மா, அவ மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கா.

— மனப்பாடமா? பாதியில நீங்க கேள்வியையே மாத்தினீங்க. அவ போர்டை மேலேருந்து திரும்பப் படிச்சா. எழுதினதையெல்லாம் அழிச்சா. வேற வழியில போனா. மனப்பாடம் பண்ணவங்களுக்கு அழிக்க மனசு வராது சார்.

— நீ பெரிய காலேஜ்ல படிச்சவ. உனக்கு இரக்கம் சுலபமா வரும்.

— இரக்கம் இல்ல, எரிச்சல். எங்க காலேஜ்ல பாதி வகுப்பு நான் தூங்கித்தான் கழிச்சேன். பேர் மட்டும் முழிச்சிருந்து எனக்கு வேலை தேடிக் குடுத்துச்சு.

— அதேதான். அவளுக்குத் தேடிக் குடுக்க ஒண்ணும் இல்ல. இங்க சேர்ந்தாலும் நிம்மதியா விட மாட்டாங்க. மீட்டிங்ல வாயைத் திறந்தா பாதியில வெட்டுவாங்க. சாப்பிடற இடத்துல "நீங்க எங்க படிச்சீங்க?"ன்னு ஒருத்தன் சும்மா கேட்பான், அவ தட்டைப் பார்த்துக்கிட்டே பேச்சை மாத்துவா. ஒரு சின்னத் தப்பு போதும், அங்கேருந்து வந்தா இப்படித்தான்னு முடிச்சிடுவாங்க. தினம் தினம் செத்துப் பொழைக்கணும்மா.

— பக்கத்துலேயே இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்க.

— இத்தனை வருஷம் இங்க குப்பை கொட்டறேன், பார்க்காமலா? வேண்டாம்னு எழுதிடு.

— என்ன காரணம்னு எழுத?

— டீமோட ஒத்துப்போக மாட்டான்னு போடு. அதை யாரும் நோண்ட மாட்டாங்க.

— அவ விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் காலேஜ் பேரைப் பார்த்தே தள்ளிட்டாங்களாம் சார். உள்ள கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டதே நாமதானாம். இதுவும் இல்லேன்னா அப்பாவோட கடையில உட்கார்ந்துடுவேன்னா.

— இதெல்லாம் எப்போ சொன்னா?

— லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன்ல, அப்போ.

— வேற என்ன சொன்னா?

— விடுங்க சார். எழுதிடறேன்.

— கேட்டா சொல்லும்மா. வேற என்ன சொன்னா?

— "எங்க காலேஜ் லேப் சுவத்துல பழைய மாணவர்னு ஒரே ஒரு படம்தான் மாட்டியிருக்கு, அது சாரோடது, காலேஜைப் பத்திப் பேசக் கூடாதுன்னதால உள்ள சொல்லல, நீங்க சாருகிட்ட சொல்லிடுங்கக்கா"ன்னு சொல்லிட்டு, சந்தோஷமாப் போனா சார்.