கறிக்கடைக்காரர் வீட்டுக் கொண்டைக்கடலை

— பேச்சை மாத்தாதீங்க மாமா. கறிக்கடைக்காரர் வீட்டு ஃப்ரிட்ஜுல ஒரு எலும்புத் துண்டுகூட இல்லை. முட்டை இல்லை. பால் இல்லை. என்ன நடக்குது இங்க?

— முதல்ல அந்தக் கதவை மூடு மாப்ள. கரன்ட் பில்லு நீயா கட்டப்போறே?

— இந்தப் பாட்டில்ல வெள்ளையா இருக்கே, இது என்ன?

— சோயாப் பால். காலையில நானே அரைச்சு வடிகட்டினது. ஒரு டம்ளர் குடிக்கிறியா?

— ஆளை விடுங்க. நீங்களே அரைச்சீங்களா? வெங்காயம் உரிக்கச் சொன்னாலே வாசலுக்கு ஓடுற மனுஷன் நீங்க. யாரு சொல்லிக் கொடுத்தது?

— போன்ல பார்த்துக் கத்துக்கிட்டேன். வீகன் சமையல்னு போட்டா ஆயிரம் வருது. கறி, முட்டை, பால், தயிர், எதுவுமே கிடையாது. ஹாலுக்கு வா, உக்காந்து பேசலாம். கடலை வேகட்டும்.

— போன்ல கத்துக்கிட்டீங்க. நானும் நம்பிட்டேன். கழுவி வெச்சிருக்கிற ரெண்டு தட்டும் போன் சாப்பிட்டதாக்கும்?

— ஒண்ணு உன் அக்கா காலையில சாப்பிட்டுப் போனதுடா. போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவன் நீ.

— அக்காவே நம்பலை, தெரியுமா? "அடுப்படிப் பக்கமே என்னை விடமாட்டேங்கிறாரு, நான் வேலைக்குக் கிளம்பினதும் பாட்டைப் போட்டுக்கிறாரு, பின்னாடி யாரோ இருக்காங்கடா"ன்னு போன்ல ஒரே அழுகை.

— அட, இந்தத் தொப்பைக்கு ஒருத்தி கிடைச்சதே பெருசு. இதுல இன்னொருத்தி வேறயா!

— சிரிக்காதீங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது. கடையில நீங்க பாதி, நான் பாதி. கேக்க எனக்கு உரிமை இருக்கு. நேத்து தபால்காரர் என்னைத் தனியா கூப்பிட்டு, "உங்க மாமா தினமும் காளானும் கீரையுமா வாங்கிட்டுப் போறாரே, உங்க கடைக் கறியில ஏதாச்சும் கோளாறா தம்பி?"ங்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு.

— நீ என்ன சொன்னே?

— மாமாவுக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு ஒரு பொய்யை எடுத்து விட்டேன். எத்தனை நாளைக்கு மாமா? நாலு பேர் காதுல விழுந்தா கடைக்குப் பூட்டுதான். கறிக்கடைக்காரனே கறி தின்னலைன்னா எவன் வாங்குவான்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, எனக்குத் தெரியாம பழைய சரக்கைக் கலக்குறீங்களா?

— மாப்ள, வாயைக் கழுவு! கெட்டதுன்னு தெரிஞ்சு ஒரு துண்டு வெட்டினதில்லை நான்.

— அப்ப என்னைக் கழட்டி விடப் போறீங்க. இந்தப் பாட்டெல்லாம் போட்டு தனியா ஒரு வீகன் ஓட்டல் திறக்கப் போறீங்க. அதுக்குத்தான் இந்த ஒத்திகை. இல்லைன்னா ஹால்ல பாடிக்கிட்டிருக்கிற இந்தப் பழைய ரெக்கார்டுப் பெட்டி எதுக்கு?

— காலேஜ் காலத்து ரெக்கார்டுடா. ப்ளூஸ் ராக், இங்கிலீஷ் சோகப் பாட்டு. பரண்ல தூங்கிட்டுக் கெடந்துச்சு. அந்த கிட்டாரைக் கேளு, வயித்துக்குள்ள போய்ப் பிசையும்.

— எனக்கு ஏற்கெனவே பிசையுது. அந்த ஆளு என்ன, சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கான்?

— ப்ளூஸ்னா அப்படித்தான். துக்கம் வந்தவன் சொன்னதையேதான் திரும்பச் சொல்லுவான். உன் அக்கா மாதிரி.

— அக்காவை எதுக்கு இழுக்குறீங்க? மாமா… என்னமோ கருகுது.

— இருக்காதே. இந்தப் பக்கம் இன்னும் முடியலையே.

— எந்தப் பக்கம்?

— ரெக்கார்டுலதான். இந்தப் பக்கம் முடியறப்ப கடலை பதமா வந்திருக்கும். நீ பேசு.

— என்னத்தைப் பேசுறது, நாத்தம் மூக்கைத் துளைக்குது! பாட்டு நகரவே இல்லை மாமா, முள்ளு ஒரே இடத்துல மாட்டிக்கிட்டு நிக்குது. நகருங்க, நகருங்க… ஐயையோ, சட்டி கரியாப் போச்சு! ஜன்னலைத் திறங்க. இத்தனை நாத்தம் உங்களுக்குத் தெரியலையா?

— நீ தள்ளு, சட்டியை நான் இறக்குறேன்.

— உங்களைத்தான் மாமா. தெரியலையா?

— தெரியலை மாப்ள.

— விளையாடாதீங்க. இந்தாங்க, இந்தச் சோப்பை மோந்து பாருங்க.

— சோப்பும் தெரியாது, பெட்ரோலும் தெரியாது. கொஞ்ச நாள் முன்னாடி எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து மூக்கு செத்துப் போச்சு. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்ங்கிறார் டாக்டர்.

— அதுக்கு எதுக்கு எல்லாத்தையும் விட்டீங்க?

— பயம்டா. கெட்டுப்போன மீனை வழிச்சுத் தின்னுட்டு ரெண்டு நாள் கக்கூஸே கதின்னு கெடந்தேன். அன்னிலேர்ந்து, கெட்டா கண்ணுக்குத் தெரியற பண்டம் மட்டும்தான். காளான் கறுத்துடும், கீரை கொழகொழன்னு ஆயிடும். கறியும் பாலும் கமுக்கமா இருந்து ஆளைக் கவுத்துடும். அடுப்புல வேகுற வாசனையும் தெரியலையா, அதான் பாட்டு. கடிகாரம் பார்க்க மறந்துடுவேன். பாட்டு நின்னா வீடு வெறிச்சுன்னு ஆகும், எழுந்து போய் அணைச்சுடுவேன்.

— அக்காகிட்ட சொல்ல என்ன கேடு?

— சொன்னா கடையை மூடுன்னுவா. எனக்கு வேற என்ன தொழில் தெரியும்? கறி வெட்டுறவனுக்கு மூக்குப் போச்சுன்னு தெரிஞ்சா நாய்கூட வாசல்ல நிக்காது மாப்ள.

— இருங்க, இருங்க. காலையில வண்டியில வர்ற கறியை நீங்கதானே மோந்து பார்த்து இறக்குறீங்க?

— மோந்து பார்க்கிற மாதிரி பாவனை பண்ணுவேன். அப்புறம் உன்கிட்ட நீட்டுவேனே, "நீ என்ன சொல்றே மாப்ள"ன்னு?

— ஆமா… பாதிப் பங்கு கொடுத்தும் தராசைத் தொட விடாத மனுஷன், இப்பவாச்சும் நம்மளை மதிக்கிறாரேன்னு நினைச்சேன்.

— நீ மூஞ்சியைச் சுளிச்சா வண்டியைத் திருப்பிடுவேன். தலையாட்டினா இறக்குவேன். உன் மூக்கை நம்பித்தான்டா கடையே ஓடுது. அந்தத் தைரியத்துலதான் ஆஸ்பத்திரி ஆர்டருக்கே சரின்னேன். போன வாரத்துலேர்ந்து அங்க படுத்திருக்கிறவங்களுக்கெல்லாம் நம்ம கறிதான்… என்ன மாப்ள, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— போன வாரம் பூரா எனக்குச் சளி மாமா. ஒரு வாசனையும் தெரியலை. நீங்க என்னைக் கேட்டதே பெருமையா இருந்துச்சு, நீட்டினதுக்கெல்லாம் தலையாட்டிட்டேன்.