களி கேட்கும் பெரியவர்

— தப்பு. கதவத் தட்டாம உள்ள வந்துட்ட. ஒரு மார்க்கு போச்சு.

— கதவு எங்கங்க இருக்குது? நடுவுல பொடவையத்தான தொங்கவுட்டிருக்கோம்.

— அப்பப் பொடவையத் தட்டு கண்ணு. நான் இப்ப உம் புருசன் மதியழகன் இல்ல, எழுவது தாண்டுன பெரியவரு. எடது கையும் காலும் வராது. கோவம் மட்டும் நல்லா வரும்.

— சரி, தட்டிட்டேன். வணக்கமுங்க. எம் பேரு கலைமணி. இன்னிக்கு உங்களப் பாத்துக்கப் போறது நாந்தாங்க. உங்கள எப்பிடிக் கூப்பிடணும்ங்க?

— இதென்ன கேள்வி? வயசானவரு, தாத்தான்னு கூப்பிட வேண்டியதுதான?

— கூடாதாமுங்க. நாமளா ஒரு மொறை வெச்சுக் கூப்பிடக் கூடாதாம். அவங்களுக்கு எப்பிடிப் பிடிக்குமோ அப்பிடி. புக்குல அப்பிடித்தான் போட்டிருக்கு.

— அப்ப என்னை மைனருன்னு கூப்பிடு.

— சரிங்க மைனரு. உள்ள வரலாங்களா?

— வராத.

— ஏங்க, வெளையாடாதீங்க. ஞாயித்துக்கெழம பரிட்ச.

— அதனாலதான் சொல்றேன். போன தடவ எங்க கோட்ட வுட்ட? எழுத்துல நல்ல மார்க்கு. செய்முறையில பரிட்ச வெக்கற மேடம் ரெசிடெண்ட்டாட்டம், அதான் ஹோம்ல இருக்கற பெரியவங்களாட்டம், கட்டில்ல படுத்துக்கிட்டு "தொடாத, போடி வெளிய"ன்னாங்க. நடிப்புன்னு தெரிஞ்சும் அழுதுக்கிட்டே ஓடியாந்துட்ட.

— அத ஏன் இப்பக் கெளர்றீங்க?

— இந்தத் தடவயும் ஓடியாந்தா? சர்ட்டிபிகேட்டு இல்லாதவங்கள நீ வேல பாக்கற முதியோர் ஹோம்ல இந்த மாசத்தோட நிறுத்தறாங்கன்னு சொன்னது நீதான? சொல்லு, தொடாதன்னா என்ன பண்ணுவ?

— கட்டாயப்படுத்தக் கூடாது. வேணாங்கறது அவரு உரிமை. பதிலுக்குக் கோவிச்சுக்கக் கூடாது. எதனால வேணாங்கறாருன்னு மெதுவாக் கேக்கணும். கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடி போவணும். அப்பயும் வேணாம்னா நர்சுகிட்ட சொல்லணும்.

— வாயில நல்லாத்தான் வருது. நெஞ்சுலயும் வரணும். சரி, உள்ள வா. சட்டைய மாத்தணும். எந்தக் கை மொதல்ல?

— கழட்டறப்ப நல்லாருக்கற கை மொதல்ல. மாட்டறப்ப வராத கை மொதல்ல.

— அட! அதான் சிக்குதா! இத்தன நாளா தலைகீழா இல்ல மாட்டிக்கிட்டிருக்கேன்.

— என்ன இத்தன நாளா?

— எஞ் சட்டையத்தான் சொன்னேன்.

— உங்களுக்கு ரெண்டு கையும் கல்லாட்டம் இருக்குது. உங்களுக்கு எந்தக் கைய மொதல்ல வுட்டா என்ன?

— பேச்ச மாத்தாத. மொகம் தொடைக்கறது எப்பிடி?

— கண்ணு மொதல்ல. கண்ணுக்கு சோப்பு ஆகாது. மூக்கோரத்துலருந்து காதுப்பக்கமா ஒரே இழுப்பு. அடுத்த கண்ணுக்குத் துணிய மடிச்சு சுத்தமான பக்கத்தால தொடைக்கணும்.

— சாப்பாடு?

— நேரா ஒக்கார வெச்சுத்தான் ஊட்டணும். தல லேசா முன்னால சாயணும். கொஞ்சங்கொஞ்சமா, நல்லாருக்கற பக்கத்து வாயில வெக்கணும். முழுங்கிட்டாரான்னு பாத்துட்டுத்தான் அடுத்த வாய்.

— சோறு வேணாங்கறாரு. களி கேக்கறாரு.

— பரிட்சையில களி எங்கங்க வரும்? அங்க இட்லி, கஞ்சி, ரொட்டிதான்.

— தருமபுரி ஜில்லாக்காரன் ரெசிடெண்ட்டா வந்தா களி கேக்க மாட்டானா? உம் புக்கு மென்னு திங்கச் சொல்லுது. களிய எவன் மெல்லுவான்? பல்லுல படாம முழுங்கறதுதான் களி. ஆனா இந்தப் பெரியவருக்குத் தண்ணியே பொறையேறுது. இப்ப என்ன பண்ணுவ?

— தண்ணியே பொறையேறுதா? அப்ப களி உருண்டைய கண்ணுலயே காட்டக் கூடாது. தொண்டைய அடைச்சுக்கும். நர்சக் கேக்காம ஒரு வாய் தரக் கூடாது.

— கூழாக் கரைச்சா?

— டாக்டரு சரின்னா தரலாம். தண்ணியாட்டமும் இருக்கக் கூடாது, தயிராட்டம் கெட்டியா இருக்கணும். சாப்பிட்டதும் படுக்க வெக்கக் கூடாது. அரை மணி நேரம் ஒக்காந்தே இருக்கணும்.

— அரை மணியா? ஒக்காரவெச்சா எடது பக்கமா சாயறாரே.

— சாயற பக்கத்துக்குத் தலவாணி வெக்கணும். ஏங்க, பரிட்ச எனக்கா உங்களுக்கா? நேத்து வரைக்கும் படுத்துக்கிட்டு ரெண்டு தடவ "தொடாத"ன்னுட்டு, கேள்வியப் படிச்சுட்டுக் கொட்டாவி வுட்டுக்கிட்டிருந்தீங்க. இன்னிக்கு வக்கீலாட்டம் குடையறீங்க.

— பொண்டாட்டி பாஸாவணும்னு ஆச இருக்காதா? கிண்ணத்த எடு. ஊட்டு.

— இதுல கூழு இருக்குதுன்னு வெச்சுக்கங்க. வாயத் தொறங்க மைனரு.

— நில்லு. மொத வாய எடுத்து ஓரமா வை. அது செவலைக்கு.

— என்ன சொன்னீங்க?

— நடிப்புதான் கண்ணு. பெரியவருன்னா அப்பிடி எதாச்சும் சொல்லுவாருல்ல.

— செவலை யாருங்க?

— மாடுதான். ஊருல பாதி மாடு செவலைதான.

— எங்க வூட்டு மாடு செவலை. உங்ககிட்ட நான் அதச் சொன்னதே இல்ல. அத வித்த பொறவும் மொத உருண்டைய அதுக்குன்னு ஒதுக்கி வெச்சுட்டுத்தான் எங்கப்பா திம்பாரு. பைத்தியம்னு ஊரே சிரிக்கும். எழுந்து ஒக்காருங்க.

— எடது காலு வராதே கண்ணு.

— எழுந்து ஒக்காருங்கங்கறேன்ல!

— ஒக்காந்துட்டேன்.

— வராதது எங்கப்பாவுக்கா?

— ஆமா கலை.

— எப்பத்துலருந்து?

— நம்ம டெம்போவுக்கு மாங்கா லோடு ஆரம்பிச்சப்ப. வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. ஆஸ்பத்திரியில காட்டி வூட்டுல கொண்டாந்து போட்டுட்டு, உந் தம்பி மாதவராஜ் திருப்பூருக்குத் திரும்பிட்டான். லீவு இல்ல. பாத்துக்க ஆளு கெடைக்குமா மாமான்னு எனக்குப் போன் பண்ணான். அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க, அவ பேர எடுத்தாலே அப்பா தலையில அடிச்சுக்கறாருன்னான்.

— ஆளு வெச்சீங்களா?

— தேடுனேன். ஒருத்தனும் சிக்கல. சமைச்சுக் குடுக்க பக்கத்து வூட்டுக் கண்ணம்மாள் இருக்குது. தூக்கி ஒக்கார வெக்க, கழுவ, குளிப்பாட்ட யாரு வருவா? நம்ம டெம்போதான் தெனமும் உங்கப்பா ஊரு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போவுதே. நானே போயிட்டேன்.

— நீங்களா? எங்கப்பா வூட்டுக்குள்ளயா? உங்க தெருக்காரங்க வாசல்ல நின்னுட்டுப் போனாலே தண்ணி தெளிக்கச் சொல்ற மனுசனுங்க அவரு!

— அவம் மொகத்துல முழிக்க மாட்டேன்னு சபதம் போட்டாருல்ல? அது வசதியாப் போச்சு. எம் மொகமே அவருக்குத் தெரியாது. பேரு ராஜப்பன், கூலிக்கு வந்திருக்கேன்னு சொல்லிட்டேன்.

— தொட வுட்டாரா?

— மொத நாளு "தொடாத, போடா வெளிய"தான். நீ சத்தம் போட்டுப் படிச்சது ஞாபகம் வந்துச்சு. வெளிய வேப்பமரத்தடியில ஒக்காந்துட்டு மறுபடி போனேன். திட்டுனாரு. மறுபடி போனேன். அப்புறம் வான்னாரு.

— நான் படிக்கறப்ப கொறட்ட வுட்டதெல்லாம்?

— பாதிக் கொறட்டதான். மீதியக் கேட்டுக்கிட்டுப் போயி அங்க செய்வேன். சட்ட மாட்டறதுதான் கோளாறாயிடுச்சு. நேத்து ஒரு வாய் களி குடுறான்னு அழுதாரு கலை. குடுக்கறதா வேணாமான்னு தெரியாம முழிச்சேன். அதான் இன்னிக்கு உன்னையப் போட்டுக் கொடஞ்சேன்.

— நான் யாரு யாரோட அப்பனையோ ஹோம்ல குளிப்பாட்டிட்டு வரேன். எங்கப்பன நீங்க குளிப்பாட்டியிருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. வயிறு எரியுதுங்க எனக்கு.

— சொன்னா அன்னிக்கே ஓடியிருப்ப. அவரு போன்னு சொன்னா அழுதுக்கிட்டுத் திரும்பியிருப்ப. பரிட்சைக்கும் போயிருக்க மாட்ட. மொதல்ல உனக்கு அந்த வார்த்த பழகட்டும்னு நெனச்சேன்.

— அப்ப ஞாயித்துக்கெழமைக்காக இல்ல. இதுக்காகத்தான் தெனமும் படுத்துக்கிட்டு என்னைத் திட்டுனீங்களா?

— ரெண்டுக்குந்தான். வரியா, போயிப் பாத்துட்டு வரலாம்?

— நான் வரல.

— கலை.

— வரலைங்க! மக செத்துட்டான்னு ஆத்துல போயி தல முழுகிட்டு வந்தவரு. உங்களக் கூலிக்காரன்னு நெனைக்கறதாலதான் வாயத் தொறக்கறாரு. நான் போயி நின்னா நீங்க யாருன்னும் தெரிஞ்சு போவும். வீம்பு புடிச்ச மனுசன், கூழும் வேணாம் தண்ணியும் வேணாம்னு வாய மூடிக்கிட்டே செத்துருவாரு. மேடம் சொன்னதத் தாங்காதவ, அவரு வாயால அதத் தாங்குவேனா? அவரு நல்லா இருக்கட்டும். நீங்களே பாத்துக்கங்க.

— அதத்தான் சொல்ல வாயெடுக்கறேன். நீ எங்க வுடற?

— என்ன சொல்லப் போறீங்க?

— அவருகிட்ட உம் பேர நான் எடுத்ததே இல்ல. சாமி சத்தியமா இல்ல. எம் பொண்டாட்டி ஒரு பரிட்சைக்குப் படிக்கறா, அவ படிக்கறதக் கேட்டுத்தான் இதெல்லாம் செய்யறேன்னு மட்டுந்தான் சொல்லியிருந்தேன்.

— அதுக்கு என்ன இப்ப?

— இன்னிக்குக் காலையில மொகம் தொடச்சுவுட்டுக்கிட்டிருந்தேன். கண்ண மூடிக்கிட்டே, மெதுவாக் கேக்கறாரு: "கலைமணிக்குப் பரிட்ச என்னிக்கு, மாப்ள?"