தூசி நீக்கும் தூரிகை

அன்று காலை டீயில் சர்க்கரை இல்லை என்றாள் என் மனைவி. போட்டேன் என்றேன்.

"போடலைங்க. டப்பா மூடியைக்கூட நீங்க தொறக்கலை. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

அவள் சொன்னதே சரி. தான் பார்த்ததைப் பார்த்ததாக அவள் தயங்காமல் சொன்னது அந்தக் காலைதான் கடைசி என்பதால் குறித்துவைக்கிறேன். டீ குடித்து முடித்ததும் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஆறு மாதமாக நான் செய்த வேலையைக் காட்டினேன்.

வேலை இதுதான். அவளுடைய முதல் கணவர் எடுத்த ஸ்லைடுகள் நானூற்றுப் பன்னிரண்டு, செருப்புப் பெட்டிகளில் பரண்மேல் கிடந்தன. அட்டைச் சட்டம் போட்ட சின்னச் சின்ன ஃபிலிம் துண்டுகள். அவற்றைக் காட்டும் புரொஜெக்டர் எப்போதோ செத்துவிட்டது. அதற்கும் முன்பே, முப்பத்துநான்கு வயதில், அவரும். ஆறடிக்கு மேல் இருந்ததால் நெட்டையர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவர் போய் நான்கு வருடம் கழித்து அவளைக் கட்டிக்கொண்டவன் நான். பரணை எட்ட எனக்கு ஸ்டூல் வேண்டும்.

யோசனை அவள் தங்கையுடையது. "சும்மாதானே இருக்கீங்க அத்தான், அதையெல்லாம் ஸ்கேன் பண்ணிக் குடுங்களேன். அக்கா சந்தோஷப்படுவா" என்று போனில் சொன்னாள். ஸ்லைடுகளைச் சுவரில் போட்டுக் காட்டிய காலத்தில் தங்கைக்கு ஏழு வயது. நெட்டையர் வாங்கிக்கொடுத்த மிட்டாய்தான் அவளுக்கு நினைவு.

அச்சகத்தில் நாற்பது வருடம் பிழை திருத்தியவன் நான். வேண்டாத எழுத்தை அடிப்பது, விழுந்த இடைவெளியை மூடுவது, வாசகனுக்குத் தடம் தெரியாமல் பார்த்துக்கொள்வது. ஸ்கேனரோடு வந்த மென்பொருளில் தூசி நீக்கும் தூரிகை ஒன்று இருந்தது. புள்ளிமேல் தேய்த்தால், பக்கத்தில் இருப்பதை எடுத்து அதுவே நிரப்பிக்கொள்ளும். எனக்காகவே செய்ததுபோல் இருந்தது.

முதலில் தூசியைத்தான் எடுத்தேன். பிறகு ஒரு மயிரிழை. பதினேழாவது ஸ்லைடில் நெட்டையர் முகத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. தேய்த்தேன். முகம் எது, பூஞ்சை எது என்று தூரிகைக்குத் தெரியவில்லை. பாதி முகம் சுவராகிவிட்டது. மறுபடி பார்த்தேன், சுவர் நன்றாகத்தான் இருந்தது. அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

செத்தவனோடு போட்டி போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. அவனுக்கு வயதாவதில்லை. எனக்கு வழுக்கை விழுந்தது, பல் கழன்றது. அவர் முப்பத்துநான்கிலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராக, அதாவது ஒவ்வொரு நெட்டையராக, படங்களிலிருந்து எடுத்தேன். அசல்களை வாளியில் துணி வெளுக்கும் திரவத்தில் போட்டேன். இறுதிப் படி தயாரானால் பழைய படிகளை வைத்திருக்கக் கூடாது என்பது அச்சகத்துப் பழக்கம். எட்டு நிமிடத்தில் நிறமெல்லாம் கழன்று வெறும் பிளாஸ்டிக் மிதந்தது. கல்யாணமாகி முப்பத்தொரு வருடமாக என்னால் முடியாததை ஒரு வாளி செய்தது.

ஏரிக்கரைப் படம் வந்தபோது அவள் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"இதுல அவர் இருப்பாரே. டைமரைப் போட்டுட்டு ஓடி வந்தார். ஒரு செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. வந்து தோள்ல கை வச்சார்."

"படம் எடுக்கிறவர் எப்படிம்மா படத்துல இருப்பார்?" என்றேன். நியாயமான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திரையில் அவள் மட்டும் நின்றிருந்தாள். நாற்காலியில் இருந்தவள் தன் தோளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அசலைக் காட்டுங்க."

"பூஞ்சை தின்னுடுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

அடுத்த படம், அதற்கடுத்த படம். மதியத்துக்குள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்தாள். அணைத்துத்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் டாக்டரிடம் போனோம். அவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "நடக்காததை நடந்ததா சொல்றாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"சொல்றா சார்."

"உதாரணமா?"

ஏரிக்கரையைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருந்தால் அவள் என்னை என்னவென்று நினைத்திருப்பாள்? அதுவும் போக, அந்த நாட்களில் எதற்கும் என்னைத்தான் கேட்டாள். குளித்தேனா, தங்கை போன் பண்ணினாளா, சாவி எங்கே. முப்பத்தொரு வருடத்தில் அவள் என்னை அவ்வளவு தேடியதில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

இதயத் துடிப்புக்கான மாத்திரை, காலையில் ஒன்று. அந்த வியாழக்கிழமை அதை என் கண்முன்னால்தான் விழுங்கினாள். அரைமணி கழித்துக் கதவருகே வந்து, "என்னங்க, மாத்திரை போட்டேனா?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

மறுபடியும் வந்தாள்.

"நான் போட்ட மாதிரியே இருக்குங்க."

"போடலை. உனக்குத்தான் தெரியுமே, இப்பெல்லாம் உனக்கு அப்படித்தான் தோணும்."

மூன்றாவது முறையும் கேட்டாள். மூன்றாவது முறையும் அதையே சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவள் போய் இன்னொன்றை விழுங்கினாள். கோபமில்லை, திட்டமில்லை. அவள் பார்த்ததை இல்லை என்று சொல்வது அதற்குள் எனக்குக் கைவந்துவிட்டிருந்தது. பதினோரு மணிக்குக் குளியலறையில் விழுந்தாள். மறதியில் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருப்பாள் என்றார் டாக்டர். தலையாட்டினேன். அவள் எதையும் மறக்கவில்லை. அவளைக் கொன்றது நான்.

எல்லாம் முடிந்தபின், சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்று தங்கை கம்ப்யூட்டரில் தேடினாள்.

"இதைப் பெருசாக்கலாம் அத்தான். அக்கா எப்படிச் சிரிக்கிறா பாருங்க. ரொம்ப சுத்தமாப் பண்ணியிருக்கீங்க, ஒரு தூசிகூட இல்லை."

மாடிப்படியில் அவள் தனியாக உட்கார்ந்திருக்கும் படம். திருத்த ஒன்றுமில்லை என்று நான் அப்படியே விட்டது. இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் அவள், கேமராவைப் பிடித்திருந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.