பின்பக்க வலது கதவு

உங்கள் ஸ்டேஷன் நாற்காலி ஆடுகிறது. பரவாயில்லை ஐயா, காலுக்கடியில் காகிதம் மடித்து வைத்துவிட்டேன். ஒரே இடத்தில் உட்கார எனக்கு வராது. விமானப் பணிப்பெண்ணாகவே பாதி ஆயுள் போனதில் கால் நின்று பழகிவிட்டது. நடுவில் எழுந்து நடந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் எல்லோரும் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தலை பின்னிவிட்டது, காய்ச்சலில் நெற்றிக்குத் துணி நனைத்துப் போட்டது, பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது, இந்த வேலையில் சேர்த்துவிட்டது எல்லாம் நான். என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்தவர்களிடம், "தங்கச்சியும் நம்மகூடத்தான் இருப்பா" என்பேன். கேட்டவர்கள் மறுபடி கேட்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

போன மாதம் சமையலறையில் நின்றபடி, வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, பெரிய ஏர்லைன் கம்பெனில வேலை கிடைச்சிடுச்சு. வெளிநாட்டுல வீடும் அவங்களே தர்றாங்க."

"எப்போ திரும்பி வருவே?"

"லீவு விட்டா வருவேன். ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறே? நான் என்ன செவ்வாய் கிரகத்துக்கா போறேன்?"

நான் சிரித்தேன். அன்றோடு தூக்கம் போயிற்று. அலமாரியைத் துடைப்பேன், துடைத்ததையே திரும்பத் துடைப்பேன். அவள் கவனமில்லாத பெண், ஐயா. அடுப்பை அணைக்காமல் கிளம்புவாள், சாவியைக் கதவிலேயே விட்டுவிடுவாள். கண்காணாத ஊரில் இவளை யார் பார்த்துக்கொள்வது? சின்னதாக ஒரு தப்பு நடந்து, வேலை நின்று, வீட்டோடு இருந்தால் அவளுக்கே நல்லது என்று தோன்றியது. சின்னத் தப்பு. அவ்வளவுதான்.

கதவு விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். புறப்படுமுன் ஒவ்வொரு கதவிலும் லீவரை அவசர நிலைக்குத் தள்ளுவோம். அதன்பிறகு உள்ளேயிருந்து கதவைத் திறந்தால், அடியில் மடிந்து கிடக்கும் ரப்பர் சறுக்கு காற்றடைத்துக்கொண்டு வெளியே பாயும். தீப்பிடித்தால் பயணிகள் அதில் சறுக்கி இறங்குவார்கள். பத்திரமாகத் தரையிறங்கி நின்றுவிட்டால் லீவரைத் திருப்பிவிட வேண்டும். எதிர்க்கதவில் நிற்பவர் அதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

அன்று பின்பக்க இடது கதவு எனக்கு, வலது கதவு அவளுக்கு. சாப்பாடு ஏற்ற வரும் வண்டி, கதவு உயரத்துக்கு மேடையைத் தூக்கி நிற்பது வலது பக்கம். விமானம் நின்றதும் உத்தரவு வந்தது, லீவர்களைத் திருப்பினோம். "பின்னாடி ரெண்டு கதவும் பார்த்தாச்சு" என்று இன்டர்காமில் சொன்னேன்.

அவள் மறந்துவிட்டாள், நான் கவனிக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறீர்கள். அவள் மறக்கவில்லை. சரியாகத்தான் திருப்பியிருந்தாள். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் மேலேயிருந்து பையை எடுக்கத் திணறினார். அவள் உதவப் போனாள். அப்போது நான் அந்த லீவரைப் பழையபடி தள்ளி வைத்தேன். பெரிய பலம் ஒன்றும் தேவையில்லை.

கதவைத் திறக்குமுன் லீவரை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்பது விதி. அவளிடம் நானே தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆக, அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துத்தான் இருந்தேன். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

வண்டிக்காரர் வெளியிலிருந்து கதவைத் தட்டினார். தெரிந்த மனுஷர். "அக்காவும் தங்கச்சியும் ஒரே ஃப்ளைட்லயா? பிளேன் தாங்குமா?" என்று எப்போதும் வம்புக்கு இழுப்பார். வாலு சிரித்துக்கொண்டே ஓடிவந்து கைப்பிடியைத் தூக்கினாள். சறுக்கு அவரை வண்டியின் மேடையிலிருந்து வாரித் தள்ளியது. கீழே சிமெண்டுத் தரை. அவர் அசையவில்லை.

அன்றிலிருந்து வாலு வீட்டில்தான் இருக்கிறாள். நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். அவளுடைய வலது கை மட்டும் சும்மா இருப்பதில்லை. காற்றில் எதையோ திருப்பிக்கொண்டே இருக்கிறது.

"நான் திருப்பினேன்க்கா. டக்குனு விழுந்த சத்தம்கூட காதுல இருக்கு."

"அது முந்தின ஃப்ளைட்டா இருக்கும்டி. தினம் செய்யற வேலை, மனசு ஏமாத்தும். நானும்தான் சரியாப் பார்க்காம விட்டுட்டேன். என்னை மன்னிச்சிடு."

கேட்கும்போதெல்லாம் இதையே சொன்னேன். அவளும் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். இன்று காலை பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னதுதான் சரிக்கா. நான்தான் மறந்திருக்கேன். அவரை நான்தான் கொன்னேன். போய் ஒத்துக்கறேன், ஜெயில்ல போடட்டும்."

அவளைத் தூங்கவைத்துவிட்டு நான் முந்திக்கொண்டு வந்தேன். அவளைச் சிறையில் போட்டால் என்ன ஆவாள்? தலைகூட ஒழுங்காக வாரத் தெரியாது.

வண்டிக்காரர் வெளியே நின்றது எனக்குத் தெரியுமா என்று ஆரம்பத்தில் கேட்டீர்கள். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கிறது. லீவரைத் தள்ளும்போதே அவர் மேடையில் ஏறி நிற்பதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். யாரும் இல்லாத இடத்தில் சறுக்கு விரிந்திருந்தால் அவளைக் கண்டித்துவிட்டு, கொஞ்ச நாளில் மறுபடி பறக்க விட்டுவிடுவார்கள். அது போதாது.

என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அவளிடம் இதைச் சொல்லாதீர்கள். தான் மறந்ததாகவே அவள் நினைத்துக்கொள்ளட்டும். உண்மை தெரிந்தால் பறக்கப் போய்விடுவாள். அப்புறம் நான் வெளியே வரும்போது வீட்டில் எனக்கு யார் இருப்பார்கள்?