கலைச்செல்வியின் தோழி

எங்கள் வீட்டில் சாப்பிடும்போது யாரும் போனைத் தொடுவதில்லை, மேடம். நான் கொண்டுவந்த பழக்கம். சோறு போடுவதற்கு முன்னால் எல்லோருடைய போனும் டிவி அலமாரிக்குப் போய்விடும். காரிமங்கலத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தால் இதைப் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை திருமால் என்று பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளைகளின் போட்டோவை ஊருக்குக் காட்டாதீர்கள், முகம் தெரியாதவர்களிடம் வீட்டு விஷயம் பேச விடாதீர்கள் என்பேன். கைதட்டுவார்கள்.

கலைச்செல்வி எனக்கு ஒரே பெண். வயது இருபது, தினமும் பஸ்ஸில் தருமபுரி போய் நர்சிங் படிக்கிறாள். அவள் போனின் பாஸ்வேர்டு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கிக் கொடுத்தேன். போன வருடம் அதை மாற்றிவிட்டாள்.

"எதுக்கு பாப்பா மாத்துன?" என்று கேட்டேன்.

"அது என் போனுப்பா. நான் உங்க போன எடுத்துப் பாக்கறனா?"

நான் சத்தம் போடவில்லை. எனக்குக் கோபம் வராது, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். "சரி பாப்பா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன். அன்று கடையிலேயே உட்கார்ந்து போனில் தெரசாவை உண்டாக்கினேன்.

தெரசா ஓசூரில் நர்சிங் படிக்கும் பெண். அம்மா கிடையாது. படம் வேண்டுமே என்று தேடியபோது, யாரோ ஒரு பெண் தன் பக்கத்தை எல்லோருக்கும் திறந்துபோட்டிருந்தாள். அதிலிருந்து நாலு படம் எடுத்துக்கொண்டேன். பூட்டி வைக்காதது அவள் தவறு. முதலில் பாடப் புத்தகம் பற்றி விசாரித்தேன். பிறகு ஹாஸ்டல் சாப்பாடு, வாத்தியார்கள். கலைச்செல்விக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் என்னிடம் கேட்டதற்கு ஒரு வார்த்தை மட்டும் பேசுகிற பெண், தெரசாவிடம் நாள் முழுக்கப் பேசினாள். அவளுக்கு மழை பிடிக்கும் என்பதும், ஊசி போடக் கற்றுக்கொண்ட அன்று கை நடுங்கியது என்பதும் எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. சந்தோஷமாக இருந்தது, மேடம். பெற்றவனுக்கு இருக்காதா?

ஒருநாள் எழுதினாள்: "எங்கப்பா இருந்தா வூட்ல மூச்சு உட முடியாது தெரசா. அவருக்கு மக வேணாம், கைதிதான் வேணும்." படித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கட்டிக்கொண்டிருந்த காயில் முழுவதும் என் கையில் பிய்ந்து வந்தது. செம்புக் கம்பி பழசாக இருந்திருக்கும்.

முருகேஷ் பற்றியும் தெரசாவிடம்தான் முதலில் சொன்னாள். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறவன், இருபத்தைந்து வயது. எந்த ஊர், ஊருக்குள் எந்தப் பக்கம் வீடு என்று தெரசா பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். கலைச்செல்வி சொன்னாள். அதற்குமேல் நான் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தெரசா அவளுக்கு நல்ல புத்தி சொல்லிப் பார்த்தாள். படிப்பு முடியட்டும், அப்பா மனசு கஷ்டப்படும் என்றாள். அவள் கேட்கவில்லை. ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது, நீதான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். "எனக்கு அக்கா தங்கச்சி யாரு இருக்கா, நீதான்" என்று எழுதினாள். தெரசா ஒத்துக்கொண்டாள். ஆதார் நகலை முருகேஷ் அண்ணனிடமே கொடுத்துவிடுகிறேன், காரிமங்கலத்தில் சொந்தக்காரர் தோப்புக்கு வருகிறேன், மத்தியானம் அவரை மட்டும் அனுப்பு என்றாள். இடத்தை மேப்பில் குறித்து அனுப்பினாள்.

அவன் சொன்ன நேரத்துக்கு வந்தான். மாந்தோப்பு வேலியோரம் பைக்கை நிறுத்திவிட்டு, குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வந்துவிட்டேன் என்று தெரசாவுக்கு எழுதிக்கொண்டிருந்தான் போல. ரோட்டோரம் நின்று போனைப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்று எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். மோட்டார் ஏற்றுகிற என் மினி வேனில் ஹாரனும் நன்றாகத்தான் வேலை செய்யும், பிரேக்கும் நன்றாகத்தான் பிடிக்கும். அன்று இரண்டையும் நான் தொடவில்லை. வேனைத் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு முறையும் ஏற்றினேன். பாதியில் விட்டால் அவனுக்குத்தானே வேதனை.

அடையாளம் தெரியாத வண்டி மோதியதாக உங்கள் ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள். கலைச்செல்வி அறைக்குள் போனவள் வெளியே வரவில்லை. சோறு வேண்டாம் என்றாள். அம்மாவைக்கூடப் பக்கத்தில் விடவில்லை. தெரசாவிடம் மட்டும் பேசினாள். "நான் அனுப்பாம இருந்திருந்தா அவரு இருந்திருப்பாரு" என்று திரும்பத் திரும்ப எழுதினாள். "உன்மேல தப்பில்ல, அழாத, ரெண்டு வாய் சாப்பிடு" என்று தெரசா எழுதினாள். தெரசா சொன்ன பிறகுதான் எழுந்து கஞ்சி குடித்தாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம்.

என் மனைவி ராதிகா அவளையே பார்த்துக்கொண்டு அறை வாசலில் உட்கார்ந்திருப்பாள். இன்று காலை, உள்ளே பெண் எழுதி முடித்துப் போனைக் கீழே வைத்ததும், கொடியில் கிடந்த என் சட்டைப் பையில் டிங் என்று ஒரு சத்தம். மறுபடி எழுதினாள், மறுபடி சத்தம். சத்தத்தை அணைத்துவைக்க மறந்திருந்தேன். ராதிகா எழுந்து போனை எடுத்துப் பார்த்தாள். நான் குளித்துவிட்டு வந்தபோது கொல்லையில் என் எதிரில் நின்றாள்.

"இந்தப் புள்ள யாருங்க? தெரசாங்கறது நீங்களா?"

"பாப்பா நல்லதுக்குத்தான் ராதிகா."

"அன்னிக்கு மத்தியானம் வண்டிய எங்க எடுத்துக்கினு போனீங்க?"

நான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

"கேக்கறன் இல்ல? அந்தப் பையன வரச் சொன்னது நீங்க. எம்மவ கையாலயே அவன அனுப்ப வச்சிருக்கீங்க. நீயெல்லாம் ஒரு மனுசனாய்யா?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னை அப்படி ஒருமையில் பேசியதே இல்லை. செருப்புகூடப் போடாமல், போனைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி ஸ்டேஷனுக்கு நடந்தாள். நான் தடுக்கவில்லை. சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தேன்.

மறைக்க ஒன்றுமில்லை, மேடம். முருகேஷை வரவழைத்ததும் நான், ஏற்றியதும் நான். வேன் கடைக்குப் பின்னால் படுதா போட்டு நிற்கிறது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கொன்றது அப்பா என்று கலைச்செல்வியிடம் சொல்லிக்கொள்ளுங்கள், தாங்கிக்கொள்வாள். தெரசா நான்தான் என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் போனை ஒரு ஐந்து நிமிடம் என்னிடம் கொடுங்கள். காலையிலிருந்து பதில் போகவில்லை, பாப்பா தவித்துப்போயிருப்பாள். மனசு விட்டுப் பேச இந்த உலகத்தில் என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?