மூணாவது ஜன்னல்

— வாய் மரத்துப்போக பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. எதுக்காக மெக்சிகோவுக்கு வந்திருக்கீங்க?

— என்ன கேள்வி டாக்டர் இது? கடவாய்ப் பல்லு. ஊசி போட்டதே நீங்கதானே.

— கேட்டதுக்கு மட்டும் பதில். எத்தனை நாள் தங்குவீங்க?

— பல்லை அடைச்சதும் கிளம்பிடுவேன். வெளியில அம்மாவும் என் பசங்களும் காத்துக்கிட்டிருக்காங்க.

— பையில பழம், இறைச்சி, முட்டை ஏதாவது?

— டாக்டர், இதெல்லாம்...

— கேட்ட கேள்வி மாதிரி இருக்கா? தினம் நீங்க பார்டர் கேட்டுல உக்காந்து கேக்கறதுதான். இருங்க, முகமூடியைக் கழட்டறேன். இப்பத் தெரியுதா?

— தெரியலையே, டாக்டர்.

— போன மார்ச். அமெரிக்காவுக்கு நடந்து போறவங்க வரிசை, மூணாவது ஜன்னல். ரெண்டரை மணி நேரம் வெயில்ல நின்னு உங்ககிட்ட வந்தேன்.

— ஒரு நாளைக்கு ஆயிரம் முகம் பாக்கறேன், டாக்டர்.

— நான் பத்து வாய்தான் பாக்கறேன். அதனால எதுவும் மறக்கறதில்லை. ஆபீசர் எஃப்ரேன் அர்வீசு. சட்டையில பேரு பளபளன்னு இருந்துச்சு.

— அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க?

— உண்மையைச் சொன்னேன், புத்தி கெட்டுப்போய். அந்தப் பக்கம் டூசான்ல மக வேலைக்குப் போறா, பேரனைப் பாத்துக்கப் போறேன்னேன். நீங்க என்ன சொன்னீங்க?

— பிள்ளை பாத்துக்கறது வேலை. சுற்றுலா விசா அட்டையில வந்து வேலை செய்யக் கூடாது. அது ரூல். நான் எழுதினதில்ல.

— எழுதினது நீங்க இல்ல. என் அட்டையை வாங்கி டிராயர்ல போட்டது நீங்க. பேரனோட ஈரத்துணியை மாத்தி, பாவம், எந்த அமெரிக்காக்காரன் பிழைப்பைக் கெடுக்க இருந்தேனோ!

— சம்பளம் இல்லாட்டியும் வேலை வேலைதான்.

— சம்பளம் உண்டே. என்னைப் பாத்தா சிரிப்பான். அதைக் கணக்குல காட்டாதது என் தப்பு.

— மக இங்க வரலாமே.

— அங்கயே தங்கறதுக்கு அவ போட்ட மனு உங்க ஆபீஸ்ல கிடக்கு. இப்ப வெளிய வந்தா மனு செத்துப்போகும். அதுவும் உங்க ரூல். ஆபீசர், அவனுக்கு முதல் பல்லு வந்திருக்கு. இந்த நொகாலஸ்ல பாதி ஊரோட வாயை நான் பாத்திருக்கேன். அந்த ஒத்தைப் பல்லை மட்டும் போன்ல பாத்தேன். அதுவும் மங்கலா. என்ன, நாக்கு தடிச்சிருச்சா?

— தடிக்குது.

— எஃப்ரேன்! கண்ணு, முடிஞ்சுதா? பசங்க என்னைப் பிச்சுத் திங்குதுங்க. டாக்டரம்மா, எம்மவன் கத்தினானா? சின்னதுல பல்லு பிடுங்கப் போனா தெருவே கூடிரும்.

— இல்லம்மா, சாதுவா இருக்காரு. உங்களுக்கு வீடு எந்தப் பக்கம்?

— இந்தப் பக்கந்தான் சாமி, ரயில் பாதைக்கு மேல மேட்டுல. விடிஞ்சா அந்தப் பக்கம் இவன் வீட்டுக்கு ஓடணும். மருமகளும் வேலைக்குப் போறாளே. ரெண்டையும் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடத்துல விட்டு, கூட்டியாந்து... மூணு வருஷமா இதே ஓட்டம்.

— அம்மா, வெளியில போய் உக்காரு.

— ஏன்டா விரட்டறே? டாக்டரம்மா கேக்குதில்ல.

— எந்த அட்டையில போறீங்கம்மா?

— எல்லாரும் வச்சிருக்கற சுற்றுலா அட்டைதான் சாமி.

— பார்டர் கேட்டுல ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?

— என்கிட்ட எவன் கேப்பான்? மூணாவது ஜன்னல்ல எம்மவன்ல உக்காந்திருக்கான்! பையில நாலு கொய்யா இருந்தாக்கூட கண்ணைச் சிமிட்டி அனுப்பிருவான்.

— அம்மா, போதும்!

— ஏன்டா, என்ன தப்பா சொல்லிட்டேன்?

— ஒண்ணுமில்லம்மா. இவரு லீவு போட்ட அன்னிக்கு மட்டும் பாத்துப் போங்க. வேற யாராவது கேட்டா, பேரப்பிள்ளைகளைப் பாத்துக்கப் போறேன்னு சொல்லிராதீங்க. அட்டையைப் பிடுங்கிருவாங்க. என்னோடதை அப்படித்தான் பிடுங்கினாங்க.

— அடப்பாவி! பேரனைப் பாக்கப் போனதுக்கா? எந்தக் கட்டையில போறவன் பிடுங்கினான்?

— ஆபீசர், அம்மா கேக்கறாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.